அலை இல்லாத இடம்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு காலண்டர் தாளின் முதுகில் பிறந்தது.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. தினசரி காலண்டரில் தேதியைக் கிழித்தால் பின்பக்கம் நாலு வரி இருக்குமே, அதை எழுதுகிற ஆள் நான்தான். வெண்டைக்காயின் நன்மைகள், பல்லி விழும் பலன், வெள்ளிக் குத்துவிளக்கு கறுக்காமலிருக்க வழி என்று நீங்கள் படிக்காமல் கசக்கிப் போட்ட அத்தனைக்கும் ஆசிரியன். போன மாதம் முதலாளி சங்கரபாண்டியன் அண்ணாச்சி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“தம்பி, கடக்கரை ஊர்ல இருந்து ஒரு ஆர்டர் வந்திருக்கு. மே மாசத் தாள் பூராவும் பின்பக்கம் கடல் சமாச்சாரம் வேணுமாம். கோடை லீவுக்கு வாரவுக பத்திரமா வீடு போய்ச் சேர்றதுக்கு யோசனை.”

“அண்ணாச்சி, நம்ம மாவட்டத்துல கடலே கெடையாதே.”

“பல்லியும்தான் உம் மேல விளுந்தது கெடையாது. எளுதலையா?”

எழுதினேன். கொடி நட்டிருக்கிற இடத்தில் மட்டும் இறங்குங்கள். குடித்துவிட்டு இறங்காதீர்கள். உச்சி வெயிலில் மணலில் படுத்துத் தூங்காதீர்கள், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். சரளமாக வந்தது. பிறகு இந்த வரி: ‘கடல் உள்ளே இழுத்தால் பதறாதீர்கள். மல்லாந்து மிதந்தபடி இருங்கள்.’

அங்கே பேனா நின்றுவிட்டது. பதறாதே என்று அச்சடித்துக் கொடுத்துவிடலாம், கேட்டுக்கொள்வது யார்? காலுக்குக் கீழே தரை நழுவுகிறபோது ஒரு மனிதர் மே மாதத் தாளை நினைத்துக்கொண்டு மல்லாந்து படுப்பாரா? யாரையாவது பிடித்துக் கடலில் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். சட்டம் அதற்கு இடம் கொடுக்காது. கதை கொடுக்கும்.

ஆகவே ஆள் தேட ஆரம்பித்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘நீலத் திரைகடல் பரந்து விரிந்து, அடிவானத்தைத் தழுவி—’

(நிறுத்திவிட்டேன். காலண்டரின் முன்பக்கத்துக்கான வரி இது. படம் போடுகிறவர் பார்த்துக்கொள்வார்.)

இரண்டாம் தொடக்கம்: ‘ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் கடலில் மூழ்கி உயிரிழப்போர் எண்ணிக்கை—’

(நீங்கள் பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது.)

மூன்றாம் தொடக்கம்: ‘வெள்ளைத்தாய்க்கு நீச்சல் தெரியும்.’

இது இருக்கட்டும். இதில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. அதனால் ஏதோ வம்பு வரப்போகிறது. ஒரு கதைக்கு இவ்வளவு போதும்.

வெள்ளைத்தாய் வெம்பக்கோட்டைப் பக்கம், நிலம் உழுகிற சம்சாரி வீட்டுப் பெண். அவர்கள் தோட்டத்துக் கிணற்றில், மோட்டார் ரூம் கூரைமேல் ஏறி நின்று குதித்து வளர்ந்தவள். அண்ணன் தம்பிகள் படியில் இறங்கிக் கால் நனைத்துப் பார்க்கிறபோதே அவள் அடியில் மண்ணைத் தொட்டுவிட்டு மேலே வந்திருப்பாள். கல்யாணமாகி எம். புதுப்பட்டிக்கு வந்த பிறகு தண்ணீர் என்றால் குடத்தளவுதான். பட்டாசு ஆலையில் சரவெடி பின்னுகிற வேலை. திரியோடு திரி சேர்த்து அவள் விரல் பின்னுகிற வேகத்தைப் பார்த்தால் உங்களுக்குத் தலை சுற்றும்.

அதே ஆலையில் அவள் புருஷன் பெத்தணன் போர்மேன். ஆலைக்குள் அவரை அவள் ‘போர்மேன்’ என்பாள். வீட்டில் ‘என்னங்க.’ வீட்டிலும் ‘போர்மேன்’ என்று கூப்பிட்டால் அன்றைக்குச் சண்டை என்று அர்த்தம்.

3

பெத்தணன்மீது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

முதல் வரைவில் அவர் வெறும் கோமாளியாக இருந்தார். வீட்டில் அப்பளம் பொரித்தால் மணல் வாளியோடு அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பார். சாமிக்குச் சூடம் காட்டினால் வாசல் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டே கும்பிடுவார். உரசினால் பொறி வரும் என்று, நைலான் சேலை கட்டின பெண்ணைக் கல்யாண வீட்டில் பார்த்தால்கூட இரண்டு அடி தள்ளி உட்காருவார். ஆலையில் கேட்கவே வேண்டாம். வாசலிலேயே செல்போனைப் பைக்குள் வாங்கிப் போட்டுக்கொள்வார். ஒரு ஷெட்டுக்குள் நாலு பேருக்கு மேல் ஒருவர் தலை நீட்டினாலும் கழுத்தில் தொங்குகிற விசில் அலறும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் சொல்லிக் கொடுக்கிற பாடம் ஒன்றுதான்: “பொறி தெரிஞ்சா யோசிக்கப்படாது. கையில இருக்கதப் போட்டுட்டு வாசலைப் பாத்து நேரா ஓடிறணும். செருப்பு, சோத்து வாளி, கூட்டாளி, எதையும் திரும்பிப் பாக்கப்படாது. ஓடு!”

சிரித்துக்கொண்டே எழுதினேன். எழுதி முடித்ததும் உறுத்தியது. இப்படி ஒரு மனிதர் காரணமில்லாமல் ஆகமாட்டார்.

யோசித்தபோது கிடைத்தது இது. கல்யாணத்துக்கு முன்னால் வேறோர் ஊரில் நடந்த பட்டாசு ஆலை விபத்துக்கு உதவிக்குப் போனவர்களில் பெத்தணனும் ஒருவர். வெள்ளைத்தாயிடம் அதைப்பற்றி ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்திருக்கிறார். “வரிசையாக் கெடத்தியிருந்தாக,” என்றார். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் மணல் வாளியோடு வந்து நிற்கிறபோது அவள் வாளி வைக்க இடம் விட்டு ஒதுங்கிக்கொள்வாள்.

(இப்போது அவரை எனக்குப் பிடித்துவிட்டது. ஒருவரைப் பிடித்துப் போன பிறகு கடலில் தள்ளுவது எவ்வளவு சிரமம் என்று இதை எழுதும் வரை எனக்குத் தெரியாது.)

4

மே மாதம் வெயில் மண்டையைப் பிளந்தது. வெயில் தணியட்டும் என்று ஆலைக்குச் சில நாள் லீவு விட்டார்கள். சரவெடிப் பிரிவுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து முதலாளியிடம் போய்க் கடல் பார்க்க வேண்டும் என்றார்கள். அவர் சிரித்துவிட்டு, வேலைக்கு ஆள் கூட்டி வருகிற வேனையே கொடுத்தார். கூடவே பெத்தணனையும் கொடுத்தார்.

“போர்மேன் அண்ணன் வந்தா கடல் அங்கன இருந்து எந்திரிச்சுப் போயிரும்,” என்றாள் பாண்டிலட்சுமி. வெள்ளைத்தாய்க்குப் பக்கத்து இருக்கைக்காரி, ஒரு வகையில் நாத்தனார் முறை, வாய்க்குப் பூட்டே கிடையாது.

வேன் கிளம்பும்போது பெத்தணன் பழக்க தோஷத்தில் எல்லார் செல்போனையும் பைக்குள் வாங்கிக்கொண்டார். யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அவர் கையைக் கண்டாலே போனைக் கொடுக்கிற பழக்கம் அவர்களுக்கும் இருந்தது. சாத்தூர் தாண்டிய பிறகுதான் கூட்டத்தில் இளையவளான யோகேஸ்வரி அலறினாள்: “ஐயையோ, இன்னைக்கு எதுக்குக் குடுத்தோம்? செல்பி எடுக்கணுமே!”

கடற்கரை தூத்துக்குடிப் பக்கம். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். ஆர்டர் கொடுத்தவர்கள் அந்தப் பக்கம்தான், அண்ணாச்சி கோபித்துக்கொள்வார்.

டிரைவர் வேனைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மீன் சாப்பாடு தேடிப் போய்விட்டார். போன் பை வேனுக்குள் மாட்டிக்கொண்டது. பெண்கள் மணலில் செருப்பைக் கழற்றினார்கள். கழற்றினவர்கள் சுடுகிறது என்று குதித்தார்கள், குதித்தவர்களைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள், பிறகு எல்லாருமாகச் சேர்ந்து ஓவென்று கத்திக்கொண்டு ஈர மணலுக்கு ஓடினார்கள். பிறந்ததிலிருந்து கடலைப் பார்க்காதவர்கள் அதில் பாதிப் பேர். வெள்ளைத்தாயும் பார்த்ததில்லை. அவளுக்குச் சிரிப்புத் தாளவில்லை. இவ்வளவு தண்ணீரை இத்தனை காலம் கரையில் வைத்துக்கொண்டு ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை!

அங்கே சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஜனம். ஓர் உயரமான மேடைமேல் உயிர்காப்பாளர் உட்கார்ந்திருந்தார். பெத்தணன் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். ஒருவர்மேல் ஒருவராகக் குளிக்கிறார்கள், ஒரு பெரியவரின் தோள்மேல் இரண்டு பிள்ளைகள்.

“இம்புட்டு ஆளு ஒரே எடத்துல! கேப்பாரில்லையா? வாங்க, நாம தள்ளிப் போவம்.”

தள்ளிப் போனார்கள். ரொம்பவே தள்ளி. அங்கேதான் பெத்தணன் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்.

“பாத்தீகளா? அந்தப் பக்கம் அலை மல்லுக்கட்டுது, இந்தப் பக்கமும் மல்லுக்கட்டுது. நடுவுல மட்டும் தண்ணி சாதுவாக் கெடக்கு. இதான் நம்ம ஷெட்டு. நாலு நாலு பேரா எறங்குங்க.”

* அடிக்குறிப்பை அடியில் போடுகிற பொறுமை எனக்கில்லை, இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளை வெள்ளையாக நுரைக்கும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் கறுத்தோ கலங்கியோ கிடந்தால் அங்கே இறங்காதீர்கள். அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டின தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போகிற வாய்க்கால் அது. தான் போகிற வழியில் நிற்கிறவரையும் கூட்டிக்கொண்டு போகும். இதை நான் பெத்தணனுக்கும் இங்கிருந்து கத்திப் பார்த்தேன். காதில் விழவில்லை. எழுதுகிறவன் கத்துவது எந்தக் கதாபாத்திரத்துக்குத்தான் கேட்கிறது?

5

வெள்ளைத்தாய்தான் முதலில் சேலையைத் தூக்கிச் செருகினாள். பெத்தணன் கையை நீட்டி மறித்தார்.

“போர்மேன் பாக்காத ஷெட்டுக்குள்ள ஆளு போனதுண்டா? நான் எறங்கிப் பாத்துட்டுச் சொல்லுறேன்.”

அதுதான் பெத்தணன். ஆலையில் காலையில் ஒவ்வொரு ஷெட்டுக்குள்ளும் அவர்தான் முதலில் தலையைக் கொடுப்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பருத்திப் பனியனும் கழுத்தில் விசிலுமாக, தொப்பையை முன்னால் விட்டுக் கடலுக்குள் நடந்தார். முழங்கால். தொடை. இடுப்பு. திரும்பிக் கரையைப் பார்த்துப் பெருமையாகக் கையை விரித்துக் காட்டினார். தண்ணீர் அவரைச் சுற்றிக் குளம் மாதிரி கிடந்தது.

“ஒண்ணுமே இல்ல! எங்க வீட்டு அண்டாகூட இதவிட ஆட்டம் போ—”

(வாக்கியத்தை முடிக்காமல் விட்டது நான் இல்லை.)

அவர் காலுக்குக் கீழே மணல் போய்விட்டது. அவர் விழக்கூட இல்லை. ஓடுகிற வேனில் நின்றுகொண்டே போகிறவரைப்போல, முகம் கரையைப் பார்த்தபடி, பின்னாலேயே போனார். கொஞ்ச நேரம் அவர் முகத்தில் பயமே இல்லை. யார் இந்த வேலையைச் செய்வது என்கிற அதட்டல்தான் இருந்தது. பிறகு விசிலை எடுத்து ஊதினார்.

விசில் கேட்டதும் பெண்கள் எல்லாரும் சட்டென்று வரிசையில் நின்றார்கள்.

ஆமாம். நாலு நாலு பேராக, முதுகை நிமிர்த்திக்கொண்டு. அத்தனை வருஷப் பழக்கம். விசில் மறுபடியும் வந்தது. வரிசை இன்னும் நேராயிற்று. யோகேஸ்வரி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

வெள்ளைத்தாய்க்குத்தான் அந்த ஊதல் வேறு மாதிரிக் கேட்டது. முடிவில் தண்ணீர் புகுந்து கொப்பளித்தது அதில்.

“ஏ, அவுக கூப்பிடலடி!” என்றாள். “அவுகளக் கடல் கூட்டிட்டுப் போவுது!”

6

‘சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வெள்ளைத்தாய் கடலில் பாய்ந்தாள். அலையைப் பிளந்துகொண்டு மீனைப் போல—’

இந்த இடத்தில் அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

“ஏந்தம்பி, காலையில குடுத்த தாள்ல என்ன எளுதியிருக்க? காப்பாத்தப் போறேன்னு நீச்சல் தெரிஞ்சவுக குதிச்சா ரெண்டு பேரும் போயிருவாகன்னு எளுதியிருக்க. இப்ப இந்தப் பிள்ளையக் குதிக்க விடுற?”

“இது கதை அண்ணாச்சி.”

“கதைன்னா தண்ணி நனைக்காதோ?”

அவர் போய்விட்டார். நான் அந்த வரியை அடிக்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நல்ல வரி. குதித்தால் கதை எனக்கு லேசாகிவிடும். இரண்டே பத்தியில் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள், நீங்களும் கைதட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். ஆனால் பிடித்து இழுக்கப் போனவள் கழுத்தைப் பெத்தணன் கட்டிக்கொள்வார். மூழ்குகிறவர் கைக்கு எது கிடைத்தாலும் அதன்மேல் ஏறத்தான் பார்ப்பார். எனக்கு இருவருமே வேண்டும்.

அதனால் நடந்தது இதுதான்.

வெள்ளைத்தாய் ஓடினாள். முழங்கால் தண்ணீர் வரை ஓடிவிட்டாள். பாண்டிலட்சுமி பின்னாலேயே பாய்ந்து அவள் சடையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

“விடு பாண்டி! எனக்கு நீச்சல் தெரியும்டி!”

“கெணத்துக்குள்ளதான தெரியும்? கெணறுன்னா நாலு பக்கமும் செவுரு இருக்கும் மதினி. இதுல செவுரு எங்கன இருக்கு, காட்டு!”

வெள்ளைத்தாய் பார்த்தாள். சுவர் இல்லை. பெத்தணனுக்குப் பின்னால் இலங்கை வரைக்கும் தண்ணீர்தான். அவள் காலைச் சுற்றி ஓடின நீர் அவளையும் வா வா என்று மெதுவாக இழுத்தது. அந்த இழுவையில் அவளுக்குப் புரிந்துவிட்டது, இதை எதிர்த்து நீந்த அவளாலும் முடியாது. அவள் தோளும் கையும் துடித்தன. நீந்தத் தெரிந்த கையை வைத்துக்கொண்டு கரையில் நிற்பதைப்போல ஒரு கொடுமையை அவள் அதுவரை பட்டதில்லை.

“சரி,” என்றாள். “நான் எறங்க மாட்டேன். உம் மேல சத்தியம். நீ ஓடு. அந்த மேடைல இருக்க ஆளக் கூட்டியா. ஓடு பாண்டி!”

ஓடுவது பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதைத்தான் பெத்தணன் வருஷக்கணக்கில் சொல்லிக் கொடுத்திருந்தார். பாண்டிலட்சுமி செருப்பு, பை, எதையும் திரும்பிப் பார்க்காமல் நேராக ஓடினாள்.

7

கடலுக்குள் பெத்தணனும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

வாசலைப் பார்த்து நேராக ஓடிக்கொண்டிருந்தார். கையும் காலும் தண்ணீரை அடித்து நொறுக்கின. கரைதான் அவருக்கு வாசல். ஒரு முழம் முன்னே வந்தால் கடல் நாலு முழம் பின்னே வாங்கிக்கொண்டது. தலை உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. விசில் சத்தம் நின்றுவிட்டது.

“ஓடாதீக!” வெள்ளைத்தாய் கத்தினாள். “சும்மா கெடங்க! மல்லாக்கப் படுங்க!”

இரண்டு பக்கமும் அலை உடைகிற இரைச்சலில் அவள் குரல் பக்கத்தில் நின்றவளுக்கே கேட்கவில்லை. யோகேஸ்வரி குடிதண்ணீர் கேனைக் கவிழ்த்து, மூடியை இறுக்கிக் கடலுக்குள் வீசினாள். கேன் மிதந்துகொண்டு அவர் பக்கமாகவே போயிற்று. (அவர் கைக்கு அது எட்டிவிட்டதாக முதலில் எழுதினேன். வசதியாக இருந்தது. ரொம்ப வசதியாக இருந்ததால் அடித்துவிட்டேன். எட்டவில்லை.)

கேட்கவில்லை என்றால் காட்ட வேண்டியதுதான். வெள்ளைத்தாய் ஈர மணலில் மல்லாந்து விழுந்தாள். கையை அகல விரித்தாள், மோவாயை வானத்துக்குத் தூக்கினாள். கிணற்றில் களைத்துப் போனால் அவள் அப்படித்தான் மிதப்பாள்.

பெத்தணன் பார்த்தது என்ன? பெண்டாட்டி மயங்கி விழுவதை. முன்னைவிட வெறியாக அடித்தார். தலை உள்ளே போயிற்று.

அவள் குதித்து எழுந்தாள். இரண்டு கையையும் ஆட்டினாள். தன்னைக் காட்டினாள், அவரைக் காட்டினாள், மறுபடி படுத்தாள். ஒருத்தி போதாது என்று தோன்றியது.

“ஏத்தா, எல்லாரும் படுங்க! மல்லாக்க! கைய விரிங்க!”

ஏன் எதற்கு என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. கேட்காமல் செய்து பழகினவர்கள். புதுச் சேலையோடு, பூவோடு, கையில் வைத்திருந்த முறுக்கோடு படுத்தார்கள். வழக்கப்படி வரிசையாகப் படுத்தார்கள். அந்த வழியே போன சுண்டல்காரர் இது ஏதோ யோகா வகுப்பு என்று நினைத்து மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போனார்.

யோகேஸ்வரியை மட்டும் நிற்க வைத்து, “அவுக தலை எங்கன இருக்கோ அங்கன வெரல நீட்டிக்கிட்டே இரு, கண்ண எடுக்காத,” என்று சொல்லிவிட்டு வெள்ளைத்தாய் எழுந்து கடலைப் பார்த்தாள்.

பெத்தணன் அடிப்பதை நிறுத்தியிருந்தார். அவர் முகம் தெரிந்தது. கண் இமைக்காமல் உறைந்திருந்தது. அவர் எதைப் பார்க்கிறார் என்று திரும்பினாள்.

கரையில் வரிசையாகப் பெண்கள். மல்லாந்து, கண்ணை மூடி, அசையாமல், சேலை காற்றில் படபடக்க.

(இந்த இடத்தை எழுதப்போகிறேன் என்று எனக்கு முன்னால் தெரியாது. விளையாட்டாகத்தான் அவர்களைப் படுக்க வைத்தேன். எங்கள் பக்கத்தில் பெண்களை வரிசையாகப் படுக்க வைத்தால் அது என்ன மாதிரி இருக்கும் என்பது, வெள்ளைத்தாய் திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்கும் உறைத்தது. எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.)

“காலை ஆட்டுங்கடி!” வெள்ளைத்தாய் வீறிட்டாள். “செத்தவுக மாதிரிக் கெடக்காதீக! காலைத் தூக்கி ஆட்டுங்க! அவுக பாக்காக!”

கால்கள் எழுந்தன. கொலுசுக் கால், மருதாணிக் கால், பித்த வெடிப்புக் கால், முதல்நாள் சாயம் பூசின நகக் கால், எல்லாம் வானத்தைப் பார்த்து உதறின. பயத்தில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வரிசை முழுக்கப் பரவியது. அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே, கண்டபடி காலை ஆட்டினார்கள். கவிழ்ந்த கரப்பான் பூச்சிகளின் மாநாடு போல இருந்தது கரை.

பெத்தணன் பார்த்தார். ஒவ்வொரு ஜோடிக் காலாகப் பார்த்தார். அத்தனையும் ஆடின.

பிறகு அவர், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஆபத்தில் ஓடுவதை விட்டார். தலையைப் பின்னால் சாய்த்தார். கையை விரித்தார். மாறி மாறி எல்லாரும் கேலி செய்த அந்தத் தொப்பை கடலுக்கு மேலே மெல்ல எழும்பி வந்து, ஒரு சின்னத் தீவு மாதிரி வெயிலில் பளபளத்துக்கொண்டு மிதந்தது.

8

உயிர்காப்பாளர் மிதவைப் பலகையோடு வந்தார். அவரை முதலில் அகன்ற மார்போடும் சுருள் முடியோடும் எழுதியிருந்தேன். பெண்கள் எல்லாரும் அவரையே பார்க்க ஆரம்பித்துவிட்டதால் சாதாரண ஆளாக மாற்றிவிட்டேன். அவர் இழுவைக்குள் நேராகப் போய் வம்பு செய்யவில்லை. அதன் போக்கிலேயே போய்ப் பெத்தணனை எட்டி, பலகையில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் கூட்டிப் போனார். அலை உடைகிற பகுதி வந்ததும் அலையே இருவரையும் கரைப் பக்கம் தள்ளிக் கொடுத்தது. கொடி நட்ட பக்கமாகக் கரை சேர்ந்தார்கள்.

பிற்பாடு அவர்தான் சொன்னார்: “பக்கத்துல போனதும் ‘காப்பாத்து’ன்னுதான் எல்லாரும் கத்துவாங்க. இவர் ‘கரைல எல்லாருக்கும் கால் ஆடுதா, பாத்துச் சொல்லுங்க’ன்னு கேக்காரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

பெத்தணன் உப்புத் தண்ணீரைக் கக்கினார். எழுந்து உட்கார்ந்து வேட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். இல்லை. பாண்டிலட்சுமி துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

“நல்லாத்தான் இருக்கேன்,” என்றார் பெத்தணன்.

“அப்படித்தான் சொல்லுவாங்க. தண்ணி நெஞ்சுல எறங்கியிருந்தா பெறகுதான் காட்டும். மொதல்ல ஆஸ்பத்திரி,” என்றார் உயிர்காப்பாளர்.

டிரைவரைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து பாதி மீனோடு எழுப்பிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், ரொம்ப நேரம் உட்கார வைத்துப் பார்த்தார், பிறகுதான் போகலாம் என்றார். அந்தப் பெஞ்சில் காத்திருந்தபோது இருவரும் பேசிக்கொண்டது:

“நீ ஏன் குதிக்கல?”

“ஏன் குதிக்கணும்?”

“உனக்குத்தான் நீச்சல் தெரியுமே.”

“பாண்டிக்குச் சத்தியம் பண்ணிட்டேன்.” சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள். “எம்புட்டுக் கஷ்டமா இருந்துச்சு தெரியுமா போர்மேன்? கைய எங்கன வைக்கன்னே தெரியல. அதான் கீள விளுந்துட்டேன்.”

“நீ விளுந்ததப் பாத்ததும் எனக்கு உசுரே போச்சு.”

“பெறகு?”

அவர் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்புறம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் வந்து நாடி பார்க்கக் கை கேட்டபோதும் விடவில்லை. இன்னொரு கையைத்தான் நீட்டினார்.

அவர்கள் திரும்பி வரும்வரை மற்ற பெண்கள் ஒருத்தி காலைக்கூட நனைக்காமல் மேடை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். உயிர்காப்பாளருக்கே பாவமாகிவிட்டது. இரண்டு கொடிக்கும் நடுவில், முழங்காலுக்கு மேல் போகக்கூடாது என்று சொல்லிக் கூட்டிப் போனார். வெள்ளைத்தாய் போய் நின்றாள். அலை வந்து காலில் மோதித் திரும்பிப் போகிறபோது குதிகாலுக்குக் கீழே மணலைக் கிச்சுகிச்சு மூட்டிவிட்டு உருவிக்கொண்டு போயிற்று. அவள் போட்ட கூச்சலில் மேடையிலிருந்தவர் திடுக்கிட்டு எழுந்துவிட்டார்.

“ஒண்ணுமில்ல அண்ணே!” பாண்டிலட்சுமி கத்தினாள். “சந்தோசத்துல கத்துறாக!”

9

முடிக்க வேண்டும். கையில் மூன்று முடிவு இருக்கிறது.

முடிவு அ. இலக்கியம் தெரிந்த ஒரு நண்பர் சொன்னது: பெத்தணன் பிழைக்கக் கூடாது. கேன் மட்டும் கரை ஒதுங்க வேண்டும். அப்போதுதான் கனம் வரும் என்றார். யோசிக்கக்கூட மறுத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் அந்தக் கனத்துக்குப் பஞ்சமில்லை.

முடிவு ஆ. அண்ணாச்சி சொன்னது: பெத்தணன் ஊர் ஊராகப் போய்க் கடற்கரைப் பாதுகாப்பு பற்றிச் சொற்பொழிவு செய்ய வேண்டும், கலெக்டர் கையால் கேடயம் வாங்க வேண்டும், போட்டோவோடு. “அவர் மேடையேறினா விசில் ஊதி எல்லாரையும் வரிசையா நிக்க வச்சிருவாரு அண்ணாச்சி,” என்றேன். “நல்லதுதான?” என்றார்.

முடிவு இ. இதை எழுத ஆரம்பித்துப் பாதியில் நிற்கிறேன். நின்ற இடம் வரை சொல்லிவிடுகிறேன்.

வேன் திரும்பி வருகிறது. பொழுது சாய்கிற நேரம். உள்ளே ஒரே கூத்து. யோகேஸ்வரி இருக்கைகளுக்கு நடுவில் மல்லாந்து படுத்துக் காலை ஆட்டிக் காட்டுகிறாள். பாண்டிலட்சுமி வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு விசில் ஊதுவதுபோல் கொப்பளிக்கிறாள். வேட்டி இப்போது எந்த நாட்டுக் கரையில் ஒதுங்கியிருக்கும், அதை எந்த நாட்டுக்காரன் கட்டிக்கொண்டு திரிவான் என்று ஒரு பந்தயமே ஓடுகிறது. முன் சீட்டில் பெத்தணன், டிரைவரின் லுங்கியைக் கட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருகிறார். எட்டயபுரம் போயிற்று. கோவில்பட்டி போயிற்று. அவர் திரும்பவே இல்லை.

கரிசல் காட்டுக்கு நடுவில் ஓரிடத்தில் சொன்னார்: “வண்டிய நிப்பாட்டு.”

வேன் நின்றது. சத்தமும் நின்றது. யோகேஸ்வரி படுத்திருந்தபடியே உறைந்து போனாள், ஒரு கால் இன்னும் மேலே.

பெத்தணன் இறங்கினார். பின்பக்கம் வந்து கதவை இழுத்துத் திறந்தார். காலை அகட்டி, தொப்பையை முன்னால் விட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காலையில் ஷெட்டு வாசலில் நிற்கிற அதே நிலையில் நின்றார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பாண்டிலட்சுமி வாயிலிருந்த தண்ணீரை முழுங்கிவிட்டாள். பெத்தணன் தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார்.

‘நீங்க எல்லாரும் இல்லன்னா நான்—’

(சொல்லமாட்டார்.)

‘ஆலை தெறந்தன்னைக்கு எல்லாரும் நேரத்துக்கு வந்து சேரணும், தெரிஞ்சதா? அவளவ கடலப் பாத்துட்டோம்னு—’

(சொல்லக்கூடும். ஆனால் அதற்கா வண்டியை நிறுத்துவார்?)

‘அடுத்த வருசமும்—’

எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. இவ்வளவு தூரம் அவரை இழுத்து வந்தவன் நான். இனி என்னால் முடியாது. வேனுக்குள் ஓர் இடம் காலி இருக்கிறது, ஏறி உட்கார்ந்து நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் நெருக்கமாகத்தான் இருக்கும். எல்லார் சேலையிலும் மணல்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வெள்ளைத்தாய், புருஷன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அவர் முதல் எழுத்தை உச்சரிப்பதற்கு முன்பே அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.